குதிக்கச் சொல்லிக்கொடுத்தோம், இறங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பள்ளி மாணவிகளின் வாலிபால் படம் ஒன்று வந்திருந்தது. வலைக்கு மேலே இரண்டு கையையும் நீட்டியபடி அந்தரத்தில் ஒரு பிள்ளை. அருமையான படம், குறை சொல்லவில்லை. ஆனால் பந்து எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, இந்தப் பிள்ளை எப்படிக் கீழே இறங்கியிருப்பாள் என்றுதான் தோன்றியது. 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த யோசனை எனக்கு முதல் 24 வருடம் வந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரவைத்தது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. எங்கள் அணியிலேயே அதிக உயரம் எழும்புகிறவள். குறுவட்டப் போட்டியில், இரண்டாவது செட்டில், எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே மறிக்க, அதாவது பிளாக் போட எழுந்தாள். பந்து அவள் கையில் படாமலே வெளியே போய் விழுந்தது, பாயிண்ட் எங்களுக்கு, பிள்ளைகள் எல்லாம் கத்துகிறார்கள். அவள் இறங்கும்போது இடது கால் மட்டும் முதலில் தரையைத் தொட்டது, முட்டி உள்பக்கம் சாய்ந்தது, காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். யாரும் அவளை இடிக்கவில்லை, யாருடைய காலையும் அவள் மிதிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "டீச்சர், உள்ள ஏதோ விட்டுப்போச்சு" என்றாள். அழக்கூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள், கட்டுப் போட்டார்கள், மூன்று வாரத்தில் வீக்கம் வற்றி நடந்தும் வந்தாள், சரியாகிவிட்டது என்று நானும் நம்பினேன். ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது என்றாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் முட்டிக்குள்ளே இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுக்க அறுந்திருந்தது. ஆபரேஷனுக்கு அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார்.

போட்டி நடந்த அன்று, இன்னொரு பள்ளியின் பயிற்சியாளர் ஒருவர் என் தோளைத் தட்டி, "பொம்பளப் புள்ளைங்க முட்டி அவ்வளவுதான் டீச்சர், ரெண்டு வருஷம் தாங்குனா பெருசு" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷர், ஆறுதலாகத்தான் சொன்னார். நான்கூடப் பாதி நம்பினேன். இந்தக் கடிதம் அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான்.

அன்று இரவு என் போனில் இருந்த பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருட வீடியோ. அவள் எழும்பிய ஒவ்வொரு முறையும் என் குரல்தான் பின்னால் கேட்கிறது, "சூப்பர்டா, இன்னும் மேல, இன்னும் மேல" என்று. அவள் இறங்கிய ஒவ்வொரு முறையும் முட்டி உள்ளே சாய்கிறது. மூன்று வருடமாக என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, நான் மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இனி கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள்ளே குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கும் ஜவ்வுகளில் ஒன்றுதான் இந்த ஏ.சி.எல். சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் முட்டி திருகிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே, தரையிலிருந்து திரும்பக் காலில் ஏறுகிறது. இடுப்பையும் முட்டியையும் நன்றாக மடக்கி இறங்கினால் அந்தச் சுமையைத் தொடையும் பிட்டத் தசையும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். காலை விறைப்பாக வைத்து இறங்கினால் முன்தொடைத் தசைதான் வேலையெல்லாம் செய்யும், அது இழுக்கிற இழுப்பில் கீழ்க்கால் எலும்பு முன்னால் வரும், பின்தொடைத் தசை அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது சோம்பலாக இருந்தால் பாரம் முழுக்க ஜவ்வின் தலையில் விழுகிறது. கூடவே முட்டி உள்பக்கமாகவும் சாய்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் உண்டா என்றால், சராசரியாகப் பார்த்தால் உண்டு. அடுத்த வருடம் நானே வகுப்பறை பெஞ்சை கிரவுண்டுக்குத் தூக்கி வரச் சொல்லி, பையன்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் ஒவ்வொருவராக அதிலிருந்து குதிக்கவைத்து, போனைத் தரையோடு தரையாக வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தேன். பையன்களில் பலர் நாற்காலியில் உட்காரப் போகிற மாதிரி பின்புறத்தைத் தள்ளி இறங்கினார்கள். பெண் பிள்ளைகளில் பலர் முதுகு நேராக, முட்டி கொஞ்சமே மடங்கி, தொப்பென்று சத்தத்தோடு இறங்கினார்கள். இறங்கிய அடுத்த கணம் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முட்டப் போகிற மாதிரி உள்ளே வந்து, பிறகு விலகின. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. பையன்களில் இரண்டு பேர் பெண்களைவிட மோசமாக இறங்கினார்கள், பெண்களில் ஒருத்தி பூனை மாதிரி இறங்கினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பூனைப் பிள்ளை சின்ன வயதிலிருந்து அண்ணன்களோடு கிணற்றில் குதித்து வளர்ந்தவள்.

நான் பெஞ்சு வைத்துப் பார்த்ததை ஆய்வுக்கூடத்தில் எப்போதோ பார்த்துவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் ஐந்து வருடக் கணக்கை எடுத்து 1995-ல் வெளியிட்டபோதே, கால்பந்தில் பெண்களுக்கு இந்த ஜவ்வுக் காயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல், பாஸ்கெட்பாலில் நான்கு மடங்கு என்று வந்தது. 2005-ல் டிமோதி ஹெவெட் என்பவரும் அவரது குழுவும் கால்பந்து, பாஸ்கெட்பால், வாலிபால் ஆடும் 205 பெண்களைக் காயம் ஏதும் படுவதற்கு முன்பே குதிக்கவைத்துக் கேமராவில் அளந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் 9 பேருக்கு ஜவ்வு அறுந்தது. திரும்பிப் போய்ப் பழைய அளவைப் பார்த்தால், அந்த 9 பேரின் முட்டி மற்றவர்களைவிட 8 டிகிரி கூடுதலாக உள்ளே சாய்ந்திருந்தது, தரையில் மோதிய விசையும் 20 சதவீதம் அதிகம்.

இன்னொன்று. போட்டிகளில் ஜவ்வு அறுந்த காட்சிகளைக் கேமராவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், பாதம் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி வினாடிக்குள் அறுந்துவிடுகிறது என்கிறார்கள். ஒரு வினாடியை இருபத்தைந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குக்கூட அதைவிட நேரமாகும். அதாவது "பார்த்து இறங்கும்மா" என்று வெளியே நின்று கத்துவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவளே நினைத்தாலும் அந்த நேரத்தில் திருத்திக்கொள்ள முடியாது. கால் தரையைத் தொடுவதற்கு முன்பே தசைகள் தயாராக இருக்க வேண்டும். அது பழக்கத்தால் மட்டும்தான் வரும், சைக்கிள் ஓட்டுகிறவர் பேலன்ஸை யோசித்துச் செய்வதில்லையே, அந்த மாதிரி.

சரி, உடம்பின் அமைப்பே அப்படித்தானே, இடுப்பு அகலம், அதனால் தொடை எலும்பு சாய்வாக வருகிறது, ஹார்மோன் ஜவ்வைத் தளர்த்துகிறது என்றெல்லாம் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெண்களின் ஏ.சி.எல். சராசரியில் சிறியது, அது இருக்கும் எலும்புப் பள்ளமும் குறுகல். மாதச் சுழற்சியில் முட்டியின் தளர்வு கொஞ்சம் மாறுவதும் உண்மை. ஆனால் அதனால்தான் அறுகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, இடுப்பு அகலக் கதையிலும் அப்படித்தான். எப்படி இருந்தாலும் இடுப்பு எலும்பை நாம் மாற்றப் போவதில்லை. இறங்கும் விதத்தை மாற்றலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வயது. பத்து வயது வரை பையனும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குதிக்கிறார்கள், ஒரே மாதிரிதான் இறங்குகிறார்கள். வித்தியாசம் ஆரம்பிப்பது பருவம் எய்தும் வயதில். எலும்பு கிடுகிடுவென்று நீளுகிறது, எடை ஏறுகிறது. பையனுக்குத் தசை தானாகவே கூடவே வளர்ந்துவிடுகிறது, பெண்ணுக்கு அந்த அளவு தானாக வருவதில்லை. டிவிஎஸ் 50 இன்ஜினை வைத்துக்கொண்டு லோடு வண்டி பாரம் இழுக்கிற மாதிரி. பயிற்சி கொடுத்தால் இன்ஜினைப் பெரிதாக்கலாம், அதில் சந்தேகமே வேண்டாம். சரியாக அந்த மூன்று நான்கு வருடத்தில் நாம் என்ன செய்கிறோம்? வயதுக்கு வந்துவிட்டாள் என்று ஓட்டத்தை நிறுத்துகிறோம், மரம் ஏறாதே, சுவர் தாண்டாதே, காலைச் சேர்த்து வை, ஒடுங்கி உட்கார். நம் ஊரில் ஒரு பெண்ணைத் திட்டுவதற்கே "ரொம்பக் குதிக்காதே" என்றுதானே சொல்கிறோம். அதே வயதுப் பையன் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை காம்பவுண்டு சுவரிலிருந்து குதித்து, விழுந்து, அடிபட்டு, யாரும் சொல்லித்தராமலே இறங்கக் கற்றுக்கொள்கிறான். அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெண்ணின் உயரத்தைப் பார்த்து நம்மைப் போன்ற பி.டி. டீச்சர்கள் கூப்பிட்டு வந்து, மூன்று வருடம் குதிக்காமல் இருந்த உடம்பை நேராக வலைக்கு முன்னால் நிறுத்தி, எழும்பு எழும்பு என்கிறோம். முட்டி என்ன செய்யும்? காலைச் சேர்த்து வை என்று சொன்னோம், அது சேர்த்து வைக்கிறது. இந்தக் கடைசி வரி மட்டும் ஆய்வு அல்ல, என் ஊகம்.

ஆனால் ஊகத்துக்குப் பக்கபலம் இருக்கிறது. நியூயார்க்கில் தொழில்முறை நடனக் கலைஞர்கள் 298 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பாலே ஆடுகிறவர்கள் குதிப்பது போல் நம் வாலிபால்காரர்கள் குதிக்கவே மாட்டார்கள், அதுவும் ஒற்றைக் காலில் இறங்குவார்கள். அவர்களிடம் இந்த ஜவ்வுக் காயம் அபூர்வமாக இருந்தது, ஆண் பெண் வித்தியாசமும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு நடனக்காரர்களையும் விளையாட்டு வீரர்களையும் 30 செ.மீ. மேடையிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கவைத்துப் பார்த்தபோது, நடனக்காரப் பெண்கள் கிட்டத்தட்ட ஆண்களைப் போலவே இறங்கினார்கள், முட்டி தனியாக உள்ளே சாய்ந்தது விளையாட்டு வீராங்கனைகளுக்குத்தான். இடுப்பு எலும்பு இரண்டு பெண்களுக்கும் ஒன்றுதானே. நடனம் ஆடுகிறவளுக்கு ஐந்தாறு வயதிலிருந்தே இறங்குவதும் பாடத்தில் ஒரு பகுதி. எங்கள் தெருவில் பரதம் சொல்லித்தரும் டீச்சர், அரைமண்டியில் முட்டி பக்கவாட்டில் விரியாமல் முன்னால் வந்தால் தட்டுக்கழியால் லேசாக ஒரு தட்டு தட்டுவார். நான் 24 வருடத்தில் ஒரு பிள்ளையின் முட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்லிக்கொடுத்தால் மாறுமா? மாறும். ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரை கால்பந்து ஆடும் 4,500-க்கு மேற்பட்ட சிறுமிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து 2012-ல் முடிவு வந்தது. ஒரு பகுதி கிளப்புகள் வாரம் இரண்டு தடவை, வார்ம் அப் நேரத்திலேயே 15 நிமிடம் சில பயிற்சிகளைச் செய்தன, மற்றவை வழக்கம்போல ஆடின. செய்தவர்களிடம் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைவு. மெஷின் கிடையாது, ஜிம் கிடையாது. ஆறே பயிற்சிதான்: இரண்டு காலில் நின்று பாதி உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் அதையே செய்வது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது, ஒரு காலை முன்னால் எட்டி வைத்துத் தாழ்வது, கடைசியாகக் குதித்து இறங்குவது. பழகப் பழக ஒவ்வொன்றையும் கொஞ்சம் கடினமாக்கிக்கொண்டே போக வேண்டும். இறங்கும்போது முட்டி கால் பெருவிரலுக்கு நேராக இருக்க வேண்டும், அதற்கு உள்ளே வரக் கூடாது. நான் பிள்ளைகளிடம் இவ்வளவு விளக்கமெல்லாம் சொல்வதில்லை. "சத்தம் வரக் கூடாது" என்பேன், அவ்வளவுதான். பக்கத்து வகுப்பில் பரீட்சை நடக்கிறது, சத்தம் கேட்டால் ஹெட்மாஸ்டர் வருவார், இறங்கு பார்க்கலாம் என்றால் தானாகவே முட்டியை மடக்கி, பின்புறத்தைத் தள்ளி, முன்பாதத்தில் மெதுவாக இறங்குகிறார்கள். அப்புறம் ஜோடி ஜோடியாக நிற்கவைத்து, ஒருத்தி குதிக்க, எதிரே நிற்பவள் முட்டியைப் பார்த்து "உள்ள" "நேரா" என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கறாரானவர்கள்.

நம் நாட்டில் ஒரு பெண் இறங்குவதை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஒரே ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் ப்ரொடுனோவா வால்ட் என்ற ஆபத்தான தாவலைச் செய்து, கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்து எழுந்தாரே, அப்போது. வெண்கலம் 0.150 புள்ளியில் போனது. அடுத்த வருடமே அவருக்கும் ஏ.சி.எல். ஆபரேஷன் நடந்தது. உலகத்திலேயே சிறந்த கால்பந்து வீராங்கனை என்று விருது வாங்கிய ஸ்பெயினின் அலெக்சியா புடெயாஸ் 2022-ல் ஐரோப்பியக் கோப்பை தொடங்குவதற்கு முந்தின நாள் பயிற்சியிலேயே இதே ஜவ்வை அறுத்துக்கொண்டார். 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்தின் கேப்டன் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடமா என்று ஒரு வரிசையே இதனால் ஆடவில்லை. பயிற்சி இருந்தால் யாருக்கும் அறாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் டாக்டர், பிசியோ, சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு அந்த ஒன்பது மாதத்துக்குள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, டவுனுக்கு பிசியோதெரபிக்குப் போக இரண்டு பஸ். ஆறு வாரத்தோடு நின்றுவிட்டது. இந்தக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது என்று படித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது, முப்பத்தைந்து வயதில்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு பயிற்சியாளர் போனில் வீடியோ எடுத்து, உன் முட்டி உள்ளே வருகிறது, நீ டீமுக்கு வேண்டாம் என்று பிள்ளைகளைக் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் என் பாவம்தான். நார்வேயில் ஹேண்ட்பால், கால்பந்து ஆடும் எழுநூறுக்கு மேற்பட்ட முன்னணி வீராங்கனைகளைக் குதிக்கவைத்து அளந்து, வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்தபோது, இவளுக்கு அறும், இவளுக்கு அறாது என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஹெவெட் குழு சொன்னதுக்கு இது கொஞ்சம் முரண்தான். அதனால் யாரையும் பொறுக்கி எடுக்க வேண்டாம், எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், பையன்களுக்கும் சேர்த்து. அவர்களுக்கும் அறுகிறது. பெற்றோரும் இதைக் காரணம் காட்டி மகளை கிரவுண்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போய்விட வேண்டாம், குதிக்காமல் வைத்திருந்ததுதானே பிரச்சினையே.

அரசுக்குச் சொல்ல என்னிடம் பெரிய கோரிக்கை ஒன்றும் இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் கேட்டால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டுமாவது கொடுக்காதீர்கள் என்று இன்னும் பணியில் இருக்கிற என் தோழிகளைக் கேட்டுக்கொள்கிறேன், திருப்பித் தராத கடன் அது. குறுவட்டப் போட்டிக்குப் பத்து நாள் முன்னால் அணி சேர்த்து, முதல் நாளே ஸ்மாஷ் அடிக்கவிடாதீர்கள். சிமெண்ட் தரையில் குதிக்கும் பயிற்சியைக் குறைத்து மண் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் ஒரு விசில் முன்னதாக ஊதி 15 நிமிடம் கொடுத்தால் போதும்.

அந்தப் பிள்ளை பிறகு போட்டியில் ஆடவில்லை. இப்போது ஒரு தனியார் கம்பெனியில் வேலை, கல்யாணமும் ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு வந்தவள், படியிறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள், சிரித்தாள். "இப்ப எல்லாத்துக்கும் இறங்கக் கத்துக்குடுக்குறீங்களாமே டீச்சர்" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.

பி.கு.: கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் ஹார்மோன் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், கால்பந்து வீராங்கனைகளையும் வெட்டுங்கள். ஆறு பயிற்சி இருக்கிற பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.